சாயும் கண்ணாடியா, மூன்று மடிப்பா?

தங்கச்சியின் மகளுக்குக் கல்யாணப் பரிசாக, முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த பழைய அலங்கார மேசை ஒன்று தேடிப் பழந்தளபாடக் கடைகள் ஏறி இறங்கினேன். கடைசியில் யாழ்ப்பாணத்துக் கொக்குவில் பக்கம் இரண்டு மிஞ்சின. ஒன்று விக்டோரியா பாணி: முதிரை மரம், கடைசல் கால், இரண்டு தூண்களுக்கு நடுவே சாயும் கண்ணாடி. மற்றது ஆர்ட் டெக்கோ என்ற இருபதாம் நூற்றாண்டுப் பாணி: பதிந்த நடுப்பகுதி, இருபுறமும் லாச்சி (இழுப்பறை) அடுக்கு, மூன்று மடிப்புக் கண்ணாடி.

இரண்டுமே ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தவை என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் இருந்தது 1658 முதல் 1795 வரை. அப்போது ஐரோப்பாவிலேயே பெரும்பாலும் மேசை தனி, அதன்மேல் வைக்கும் கண்ணாடி தனி. ஆர்ட் டெக்கோவுக்கோ பேர் வந்ததே 1925 பாரிஸ் கண்காட்சியால். இந்த மேசைகளில் ஒல்லாந்தருடையது என்றால் லாச்சி என்ற சொல் மட்டும்தான்!

சரி, லாச்சியை இழுத்து மூலையைப் பார்த்தேன். முதிரை மேசையில் பல்லுப்பல்லாக வெட்டிப் பூட்டிய மூட்டுகள் ஒன்றுபோல் ஒன்றில்லை, கைவேலை. பின்பக்கமும் முழுப்பலகை. மாரிக்கு லாச்சி இறுகும்தான், ஓரத்தில் மெழுகுதிரி தேய்த்தால் போதும். டெக்கோவில் மூட்டுகள் எல்லாம் அச்சடித்த மாதிரி ஒரே அளவு. முகத்தில் மெல்லிய மரத்தோல், பின்னால் ஒட்டுப்பலகை. கீழ்மூலை ஈரம் குடித்து இதழ் இதழாகப் பிரிந்திருந்தது. அதைத் திருத்துவது பெரிய வேலை.

இரண்டு கண்ணாடிகளும் ஓரத்தில் ரசம் போனவை. முன்பு வெள்ளீயமும் பாதரசமும்தான் பூசினார்கள்; 1835இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் வெள்ளி பூசும் வழியைக் கண்டார், பிறகு பாதரசம் மெல்ல மெல்ல ஒழிந்தது. நாங்கள் இன்னும் ரசம் என்றே சொல்கிறோம். நான் அந்தக் கறுப்புப் புள்ளிகளை மாற்றமாட்டேன், பழமைக்கு அதுதான் அழகு. மாற்றத்தான் வேண்டுமென்றால் ஒற்றைச் சதுரக் கண்ணாடி வெட்டுவது லேசு. மேல்விளிம்பு வளைந்த மூன்றை ஒரேமாதிரி வெட்டுவிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

ஆனால் ஓரிடத்தில் டெக்கோவை அடிக்க ஆளில்லை. இருந்தபடியே கொண்டை, பூ, முந்தானை எல்லாம் பின்பக்கமும் தெரியும். சாயும் கண்ணாடி முகத்தை மட்டும்தான் காட்டும்.

"பின்னுக்குத் தெரியாதே மாமா" என்றாள் மருமகள். முதிரையைத்தான் எடுத்தேன், நாலு பேர் பிடித்து ஏற்றினோம். கூடவே ஒரு கைக்கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தேன்.