கப்பல் பயணம் போகிறவர்கள் கவனத்துக்கு: ஒரு ரோஜாப்பூ படம் 110 ரூபாய்

என் மாமனாரின் போன மாத செல்போன் பில்லில், மாத வாடகை நீங்கலாக வந்த கூடுதல் தொகை 32,226 ரூபாய். அவர் யாருக்கும் போன் போடவில்லை. ஒரு வீடியோ பார்க்கவில்லை. சிங்கப்பூரில் கப்பல் ஏறியதிலிருந்து பினாங்கில் இறங்கும் வரை, ஏறத்தாழ இருபது மணி நேரம், வந்த மூன்று அழைப்பை எடுத்ததைத் தவிர, செல்போனைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அவ்வளவுதான்.

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மாப்பிள்ளை பக்கத்திலேயே இருந்தும் நடந்த கூத்து இது. ஆனால் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூர் டூரோடு மூன்று, நான்கு இரவு கப்பல் பயணத்தையும் சேர்த்துப் பதிவு செய்கிற குடும்பங்கள் இப்போது எங்கள் தெருவிலேயே இரண்டு இருக்கின்றன. அவர்களுக்காக வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எங்கள் திட்டம் இதுதான். மதுரையிலிருந்து சிங்கப்பூர், அங்கே மரீனா பே துறைமுகத்தில் கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் திரும்புவது. மாமாவின் எண் போஸ்ட்பெய்டு, இருபது வருட எண். அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அந்த நிறுவனத்தின் கடைக்கே நேரில் போய் பத்து நாள் வெளிநாட்டு ரோமிங் பேக் வாங்கினோம். கப்பலில் போகிறோம், அங்கேயும் வேலை செய்யுமா என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கவுன்டரில் இருந்த தம்பி திரையைப் பார்த்தபடியே, "சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, மூணும் கவர் ஆகுது சார். ரோமிங்கை மட்டும் ஆன்ல வச்சுக்கங்க, மத்ததெல்லாம் தானா எடுத்துக்கும்" என்றார்.

தானாகத்தான் எடுத்துக்கொண்டது.

முதல் நாள் மாலை கப்பல் கிளம்பியது. இரவு பதினொன்றரை மணிக்கு மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். கரை விளக்கெல்லாம் எங்கோ தூரத்தில் புள்ளியாகிவிட்டது. மாமா செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "மாப்ளே, நடுக்கடல்ல ஃபுல் டவர் காட்டுது பாருங்க!" என்றார். அவருக்கு அதில் ஒரு குழந்தைச் சந்தோஷம். நானும் பார்த்தேன். டவர் முழுசாக இருந்தது. பக்கத்தில் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக 901 என்று தொடங்கும் ஒரு எண். மலேசியாக்காரன் எவனோ என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போய்விட்டேன்.

அந்த 901 என்ன என்று ஊருக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். செல்போன் நெட்வொர்க்குகளுக்கு நாட்டுக்கு நாடு மூன்று இலக்கக் குறியீடு உண்டு. இந்தியாவுக்கு 404, 405. சிங்கப்பூர் 525, மலேசியா 502, தாய்லாந்து 520. 901 எந்த நாட்டுக்கும் உரியது அல்ல. கப்பல், விமானம், செயற்கைக்கோள் போன்ற சேவைகளுக்குப் பொதுவாக ஒதுக்கியது. கப்பலின் உள்ளேயே தாழ்வாரம் தாழ்வாரமாகச் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் வைத்திருக்கிறார்கள். அவை நம் செல்போனைப் பிடித்து, கப்பல் உச்சியில் இருக்கும் டிஷ் வழியாகச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகின்றன. அங்கிருந்து கரைக்கு, கரையிலிருந்து நம் ஊர் நிறுவனத்துக்கு. துறைமுகத்தில் இதை அணைத்துவிடுவார்கள். கரையிலிருந்து சுமார் 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் தாண்டியதும் பொதுவாக முழு மூச்சில் ஓடும். ஆக, நடுக்கடலில் ஃபுல் டவர் காட்டினால் அது கப்பலுக்குள் இருக்கிற டவர்.

செல்போனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதைப் பொறுத்தவரை இது இன்னொரு வெளிநாட்டு நெட்வொர்க். ரோமிங் ஆனில் இருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும். தனுஷ்கோடியில் நிற்கும்போது இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்து செல்போன் "வெல்கம்" சொல்லுமே, அதே கதைதான், விலைதான் வேறு. நாங்கள் வாங்கிய பேக் மூன்று நாடுகளுக்கானது. கப்பல் மூன்றில் எதுவுமே இல்லை. எனவே பேக் இருந்தும் இல்லாத கணக்கு.

பில்லைப் பிரித்துப் பார்த்தபோது தலை சுற்றியது. டேட்டாவுக்கு 10 கேபிக்கு 5 ரூபாய் 50 பைசா. கேட்கச் சில்லறைக் காசு மாதிரி இருக்கிறதா? ஒரு எம்பி என்பது 1,024 கேபி. பெருக்கினால் எம்பிக்கு 563 ரூபாய். மாமாவின் செல்போன் இழுத்தது 47 எம்பி, சில்லறையை விட்டால் 26,470 ரூபாய். இந்தக் காலத்தில் 47 எம்பி என்பது ஒன்றுமே இல்லை. ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்களின் வாட்ஸப் குழு ஒன்று, திருக்கோயில் குழு ஒன்று, சொந்தக்காரர்கள் குழு இரண்டு. விடியற்காலை நாலரைக்கே ஆரம்பித்துவிடுவார்கள். பனித்துளியோடு ஒரு ரோஜா, கீழே "இனிய காலை வணக்கம்". அப்படி ஒரு படம் 200 கேபி என்று வைத்துக்கொண்டால் ஒரு ரோஜாவுக்கு 110 ரூபாய். தோவாளைச் சந்தையில் அந்தக் காசுக்கு எவ்வளவு பூ வாங்கலாம் என்று அத்தை கேட்டார்.

அழைப்புகள் தனி. மறுநாள் காலை மூன்று வந்தன. வந்த அழைப்புதானே என்று மாமா எடுத்துப் பேசினார். கப்பலில் வரும் அழைப்புக்கும் நிமிடக் கணக்கு, நிமிடம் 120 ரூபாய். மொத்தம் ஏழு நிமிடம், 840. அதில் இரண்டு நிமிடம் ரிங் ரோடு பக்கம் பிளாட் வாங்குகிறீர்களா என்று கேட்ட ஆளுக்குப் போனது. டேட்டாவும் அழைப்பும் சேர்த்து 27,310. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

அத்தையுடையது ப்ரீபெய்டு. அதில் 84 ரூபாய் இருப்பு இருந்தது, அது போயிற்று, அதற்கு மேல் போக வழியில்லை. வசதி என்று நினைத்து வைத்திருக்கும் போஸ்ட்பெய்டில்தான் மீட்டர் நிற்காமல் ஓடும். அடுத்த முறை மாமாவுக்கு ப்ரீபெய்டு சிம் ஒன்றுதான் கொண்டுபோவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

எச்சரிக்கை எஸ்எம்எஸ் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. மறுநாள் பிற்பகல் பினாங்கில் இறங்கி, துறைமுகத்திலிருந்து நடந்தே லிட்டில் இந்தியா போனோம். குவீன் தெரு மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் டீயும் மசால் வடையும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும்போது மாமாவின் செல்போன் வரிசையாக டிங் டிங் என்றது. கப்பல் நெட்வொர்க்குக்கு வரவேற்பு, பாதி வரம்பு தாண்டியது, 80 சதவீதம் தாண்டியது, முழு வரம்பும் தாண்டியது, எல்லாம் ஒரே நிமிடத்தில். எல்லாமே ஆங்கிலத்தில். "என்னமோ ஆஃபர் போடுறான்" என்று சொல்லி மாமா அழிக்கப் போனார். நல்லவேளை, என்னிடம் காட்டிவிட்டு அழிக்கலாம் என்று நினைத்தார். வடை தொண்டையில் இறங்கவில்லை. அங்கேயே ஃப்ளைட் மோடில் போட்டதால் முதல் இரவோடு நின்றது. மீதி மூன்று இரவும் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை.

கப்பல் வைஃபை வாங்கிவிட்டால் பிரச்சினை இல்லை என்று நம்பி மாட்டிக்கொண்டவர் ஒருவரைச் சாப்பாட்டு ஹாலில் பார்த்தேன். கப்பல் வைஃபைக்குக் காசு கப்பல்காரர் வாங்குகிறார், அறைக் கணக்கில் ஏறும். செல்போன் நெட்வொர்க்குக்குக் காசு நம் ஊர் நிறுவனம் வாங்குகிறது, பில்லில் ஏறும். ஒன்றை வாங்கினால் மற்றது அணையாது. வைஃபை லாகின் காலாவதி ஆன நொடியில், அல்லது சிக்னல் எட்டாத மூலைக்குப் போன நொடியில், செல்போன் சத்தமில்லாமல் 901 பக்கம் தாவிவிடும். கப்பல் வரவேற்பு மேசையில் கேட்டபோது அந்தப் பெண், ஃப்ளைட் மோடில் போடச் சொல்லி அறையில் உள்ள புத்தகத்தில் இருக்கிறதே என்றார். இருந்தது. நீச்சல்குளத்து விதிகளுக்கும் துணி துவைக்கும் கட்டணத்துக்கும் நடுவில் இரண்டு வரி.

என் செல்போனில் இன்னொரு கண்ணி இருந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டு சிம் போட்டு, டேட்டாவுக்குச் சிங்கப்பூர் டூரிஸ்ட் சிம்மை வைத்திருந்தேன். ஒரு சிம்மில் டவர் போனால் மற்ற சிம்முக்கு டேட்டாவைத் தானாக மாற்றும் ஒரு வசதி செட்டிங்ஸில் உண்டு. ஐபோனிலும் உண்டு, பல ஆண்ட்ராய்டுகளிலும் உண்டு. எனக்கு அது ஆனில் இருந்தது. இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை நான் தற்செயலாக அணைத்து வைத்திருந்ததால் தப்பித்தேன். சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, அதிர்ஷ்டம்.

ஆகவே கப்பல் போகிறவர்கள் செய்ய வேண்டியது: கயிறு அவிழ்ப்பதற்கு முன்பே ஃப்ளைட் மோடு. அதற்குப் பிறகு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்யலாம், ஃப்ளைட் மோடிலேயே அது வேலை செய்யும். டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்தால் போதாது, அழைப்பு வந்துகொண்டுதான் இருக்கும். வங்கி ஓடிபி வருமே என்று சிலர் தயங்குகிறார்கள். கப்பலுக்குள் எல்லாச் செலவும் அறை அட்டையில்தான் நடக்கிறது; எங்களுக்கு ஒரு ஓடிபி கூடத் தேவைப்படவில்லை. கால் ஃபார்வர்டிங் போட்டிருந்தால் ஊரில் இருக்கும்போதே ##002# அழுத்தி எடுத்துவிடுங்கள். எடுக்காத அழைப்பு கப்பல் வரை போய்த் திரும்பி இன்னொரு எண்ணுக்குப் போகும்போது இரண்டு பக்கமும் காசு விழ இடம் உண்டு. சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ கிளம்புகிற கப்பல் என்றாலும் இதேதான்; கரை மறைந்த பிறகு ஊர் டவர் கூட வராது. கப்பலில் செல்போன் கட்டாயம் வேண்டும் என்றால் கப்பலுக்கென்றே தனி பேக் சில நிறுவனங்கள் விற்கின்றன. எந்தெந்தக் கப்பலுக்குச் செல்லும் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கவுன்டரில் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், ஈமெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

வாடிக்கையாளர் சேவை பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. பேசிய நான்கு பேரும் ஒரே வாக்கியம் சொன்னார்கள்: "அது மாரிடைம் (கடல்வழி நெட்வொர்க்) சார், பேக்ல வராது." பேக்கின் பக்கத்தை மறுபடி திறந்து கீழே கீழே போனால், கப்பலும் விமானமும் அடங்காது என்று பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. கடைத் தம்பியோ, தானா எடுத்துக்கும் என்று சொன்னதாகவே ஞாபகம் இல்லை என்கிறார். இரண்டு வாரம் இழுத்த பிறகு "நல்லெண்ண அடிப்படையில்" 9,000 ரூபாய் கழித்தார்கள். மீதி 23,226-ஐக் கட்டாவிட்டால் சேவையை நிறுத்துவோம் என்றார்கள். ஆதார், பென்ஷன், வங்கி எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. கட்டிவிட்டோம்.

ஆனால் விடவில்லை. டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2012-ஆம் வருடம் போட்ட விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் புகாருக்கு மேல் ஒரு மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும். புகார் கொடுத்ததும் ஒரு டாக்கெட் எண் (புகார்ப் பதிவு எண்) தருவார்கள், அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புகாரில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு, கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனி ஆளின் புகாரை நேரடியாக எடுத்துக்கொள்ளாது; அங்கே எழுதி நாளை வீணாக்க வேண்டாம். அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசிப் புகார்கள் அங்கே செல்லாது என்று முன்பு ஒரு பேச்சு இருந்தது. செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொல்லிவிட்டது.

கடைத் தம்பி சொன்னது எங்களிடம் எழுத்தில் இல்லை என்பதுதான் வழக்கில் பலவீனம். எச்சரிக்கை எஸ்எம்எஸ் வந்து சேர்ந்த நேரம் மட்டும் மாமாவின் செல்போனில் அப்படியே இருக்கிறது, நான்கும் ஒரே நிமிடத்தில், பினாங்கு மண்ணில் கால் வைத்த பிறகு. அதன் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துத்தான் மேல்முறையீடு எழுதியிருக்கிறேன். 39 நாள் அடுத்த மாதம் 11-ஆம் தேதி முடிகிறது. பதில் எதுவானாலும் இங்கேயே எழுதுகிறேன்.