முத்தியால்பேட்டை இங்கிலீஷ் ரைட்டிங் டியூஷன்: பீஸ் கொடுக்கலாம், ஜெராக்ஸ் கட்டு வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதம் 800 ரூபாய் பீஸ், தாராளமாகக் கொடுக்கலாம். கூடவே 150 ரூபாய்க்கு ஒரு ஜெராக்ஸ் கட்டை ஸ்பைரல் போட்டுக் கையில் திணிப்பார்கள், அதை மட்டும் வாங்காதீர்கள். அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் பத்தாவது படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் எல்லாம் இப்போது இதே பேச்சுதான்.

இடம் புதுச்சேரி முத்தியால்பேட்டை, மணிக்கூண்டிலிருந்து நடக்கிற தூரம். போர்டு கிடையாது. ஒரு வீட்டு மாடியில் தகரக் கொட்டகை, கீழே பாய், ஒரு கரும்பலகை, ரெண்டு ஃபேன். நடத்துகிற மிஸ் பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டயர் ஆனவர். வாரம் மூன்று மாலை, ஆறரையிலிருந்து எட்டு மணி வரை. இங்கிலீஷ் மட்டும்தான், அதிலும் ரைட்டிங் மட்டும்தான். பத்தாவதுக்கு லெட்டரும் பாராகிராஃபும், பன்னிரண்டாவதுக்கு நோட்டீஸ், இன்விடேஷன், லெட்டர், ஆர்ட்டிகிள், ரிப்போர்ட். கிராமர் சொல்லித் தருவீர்களா என்று கேட்டால் "அதுக்கு வேற இடம் பாருங்கம்மா" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார். எனக்கு அது பிடித்திருந்தது. எல்லாம் சொல்லித் தருகிறோம் என்கிற இடங்களுக்குப் பெரியவனை அனுப்பிப் பார்த்தாயிற்று.

எங்கள் வீட்டில் ரெண்டு பிள்ளைகள், ரெண்டு விதமான பரீட்சை. புதுச்சேரி கவர்மென்ட் பள்ளிகள் 2023-24-இல் சிபிஎஸ்இக்கு மாறின, 2025-இல்தான் முதல் செட் அந்த போர்டில் பத்தாவது எழுதியது. பெரியவன் அதற்கு முன்னாலேயே தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பத்தாவதை முடித்துவிட்டான். அவன் எழுதிய இங்கிலீஷ் பேப்பர் 100 மார்க். கடைசியில் 8 மார்க்குக்குக் குறிப்புகள் கொடுத்து விரித்து எழுதச் சொல்வார்கள், ஆனால் கதை பாடப் புத்தகத்தில் இருக்கிற அதே கதைதான். லெட்டர், விளம்பரம், படம் பார்த்து ஐந்து வாக்கியம், எல்லாம் கைடில் இருந்தது. விடியற்காலையில் எழுந்து மாடிப்படியில் உட்கார்ந்து நெட்டுரு போட்டான், போய்க் கொட்டிவிட்டு வந்தான், நல்ல மார்க்கே வந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. கேள்வி அப்படி இருந்தால் படிப்பும் அப்படித்தான் இருக்கும்.

சின்னவளுக்கு அது செல்லவில்லை. சிபிஎஸ்இ பத்தாவதில் எழுத்துத் தேர்வு 80 மார்க், ரைட்டிங்குக்கு அதில் 10தான். ஃபார்மல் லெட்டர் 5, அனலிட்டிகல் பாராகிராஃப் 5, ஒவ்வொன்றும் 100 முதல் 120 வார்த்தை. நாம் பழக்கத்தில் கட்டுரை, எஸ்ஸே என்று சொல்கிறோமே, அந்த மாதிரி "எனது லட்சியம்", "நூலகத்தின் பயன்கள்" எல்லாம் அங்கே கிடையாது. ஒரு அட்டவணையோ வரைபடமோ கொடுப்பார்கள், அதைப் பார்த்து அங்கேயே யோசித்து எழுத வேண்டும். முன்னாடி பார்க்காத அட்டவணையை எந்த கைடில் நெட்டுரு போடுவது?

இப்போது அந்த ஜெராக்ஸ் கட்டுக்கு வருகிறேன். உள்ளே நாற்பது கட்டுரை. முதல் பக்கத்திலேயே "மை ஆம்பிஷன்". பிறகு நூலகம், சுற்றுச்சூழல் மாசு, செய்தித்தாள் படிப்பதன் நன்மை, பாதி "நவ் எ டேஸ்" என்று ஆரம்பிக்கிறது, மீதி "இன் திஸ் மாடர்ன் வேர்ல்ட்" என்று ஆரம்பிக்கிறது. மிஸ் வகுப்பில் அதைத் திறந்ததே இல்லையாம், நம்ம பொண்ணு சொல்கிறாள். கீழே பீஸ் வாங்குகிற அவருடைய உறவுக்காரர்தான் விற்கிறார். அவரிடம் கேட்டால் "எல்லாரும் வாங்கறாங்கம்மா" என்பார். வாங்காமலும் இருக்கலாம், யாரும் எதுவும் சொல்லவில்லை என்று பிறகு மற்ற அம்மாக்கள் சொன்னார்கள்.

சரி, 800 ரூபாய் எதற்கு? திருத்தத்துக்கு. அதுதான் இந்த இடத்தின் சரக்கு, மற்றதெல்லாம் சும்மா. பிள்ளைகள் எழுதின ஒவ்வொரு லெட்டருக்குக் கீழேயும் மிஸ் சிவப்புப் பேனாவால் நாலு சின்னக் கட்டம் போடுகிறார்: ஃபார்மட் 1, விஷயம் 2, வரிசை 1, பிழையில்லாமல் எழுதினதற்கு 1. போர்டு திருத்துகிற முறையும் இதுதான். ஆக மொத்தம் 5-க்கு 2 என்று மொட்டையாகப் போடாமல், மார்க் எங்கே போனது என்பது அந்தக் கட்டத்திலேயே தெரிகிறது. என் பெண்ணுக்கு ஆரம்பத்தில் ஃபார்மட் கட்டத்திலேயே முட்டை. தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் லெட்டர் எழுதச் சொன்னால், லீவ் லெட்டர் எழுதின கை, "ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஸ்ட்ரீட் லைட்" என்று எழுதி வைத்திருந்தாள். சப்ஜெக்ட் வரியே இல்லை. கீழே தன் சொந்தப் பெயர், தன் வீட்டு முகவரி. கேள்வியில் ஒரு பெயரும் முகவரியும் கொடுத்திருந்தால் அதைத்தான் போட வேண்டும், சொந்தப் பெயரைப் பரீட்சைப் பேப்பரில் எழுதவே கூடாது என்று அதன் பக்கத்தில் எழுதிக் கீழே ரெண்டு கோடு போட்டிருந்தார்.

இன்னொரு விஷயம், லெட்டர் யாருக்குப் போக வேண்டும் என்பதில் மிஸ் ரொம்பக் கறார். நம்ம ஊரில் புதுச்சேரி நகராட்சி, உழவர்கரை நகராட்சி என்று ரெண்டு இருக்கிறதே, லாஸ்பேட்டைப் பையன் வீட்டுத் தெருவைப் பற்றி எழுதினால் உழவர்கரை ஆணையருக்கு எழுத வேண்டும், முத்தியால்பேட்டைப் பெண் புதுச்சேரி ஆணையருக்கு எழுத வேண்டும். போர்டு பரீட்சையில் இதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்த பிறகு, "ரெஸ்பெக்டட் சார், வித் டூ ரெஸ்பெக்ட்" என்று நாலு வரி குனிந்து கும்பிடு போடாமல் நேராக விஷயத்துக்கு வருகிறார்கள், அது நோட்டில் தெரிகிறது.

பாராகிராஃபுக்கு வீட்டு கரண்ட் பில் எடுத்து வரச் சொன்னார். பழைய பில்லும் புது பில்லுமாக நாலைந்து மாதத்து யூனிட்டைக் கரும்பலகையில் அட்டவணையாகப் போட்டு, எழுது என்றார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி செய்தார்களாம்: ஜனவரியில் இவ்வளவு, பிப்ரவரியில் இவ்வளவு, மார்ச்சில் இவ்வளவு. மிஸ் சொன்னது, "அட்டவணையைப் படிச்சுக் காட்டாதே, அது எனக்கே தெரியுது, என்ன நடந்துச்சுன்னு சொல்லு". எது அதிகம், எது குறைவு, எந்த மாதத்தில் ஏறத் தொடங்கியது, எந்த ரெண்டை ஒப்பிட்டால் சுவாரசியமாக இருக்கிறது, முதலில் மொத்தமாக ஒரு வரி, பிறகுதான் எண்கள். ஒரு பையன் மே மாதம் யூனிட் எகிறியதற்குக் காரணமாக, பிரான்ஸிலிருந்து மாமா வந்திருந்தார், ராத்திரி பகல் ஏசி ஓடியது என்று எழுதியிருந்தானாம். மிஸ் சிரித்துவிட்டு அந்த வரியை அடித்தார், அட்டவணையில் உன் மாமா எங்கேடா இருக்கிறார் என்று கேட்டு. கொடுத்த தகவலில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்பதை அதற்குப் பிறகு யாரும் மறக்கவில்லை. இப்போது வீட்டில் நான் ஏதாவது ஊகித்துச் சொன்னால் கூட இவள் "அம்மா, மாமா எங்கே இருக்கார்" என்கிறாள்.

வார்த்தைக் கணக்குக்கு ஒரு நல்ல வழி சொல்லித் தந்திருக்கிறார். உன் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை வார்த்தை வருகிறது என்று ஒரு தடவை எண்ணி வைத்துக்கொள். எட்டு என்றால் பதினைந்து வரியில் 120 முடிந்துவிட்டது, பேனாவை வை. பரீட்சை ஹாலில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். லெட்டருக்குக் கால் மணி, பாராகிராஃபுக்குக் கால் மணி, போனில் டைமர் வைத்து எழுதவைக்கிறார். மூணு மணி நேரப் பேப்பரில் இதற்கு மேல் இங்கே செலவழித்தால் லிட்டரேச்சரில் கை ஓடாது.

குறைகளும் சொல்ல வேண்டும். மழை வந்தால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்காது, அதனால் நவம்பரில் பல நாள் வகுப்பே இல்லை. அதற்கு ஈடாக வேறு நாள் வைக்கவும் இல்லை, பீஸில் குறைக்கவும் இல்லை. கேட்டால் கீழே இருப்பவர் "மழைக்கு நாங்க என்னம்மா பண்றது" என்கிறார். வெயில் காலத்தில் அதே தகரம் வேறு விதமாக வேலை காட்டும். பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் ஒன்றாக உட்காரவைக்கிறார். பிள்ளைகள் சேரச் சேரத் திருத்தின நோட்டு திரும்பி வர ஒரு வாரம் ஆகிறது, அதற்குள் இவள் அதே தப்பை இன்னும் ரெண்டு லெட்டரில் செய்துவிடுகிறாள். திருத்தத்தைத்தான் விற்கிறார்கள் என்றால் அது சூடாகக் கைக்கு வர வேண்டாமா.

பெரிய குறை வேறு ஒன்று. லிட்டரேச்சர் 40 மார்க், அதில் நீளமான விடை ரெண்டு, ஒவ்வொன்றும் 6 மார்க், அதுவும் 100 முதல் 120 வார்த்தைதான். கூட்டிப் பாருங்கள், 12 மார்க், ரைட்டிங்கைவிட அதிகம். கட்டுரை எழுதுகிற கை நிஜமாகத் தேவைப்படுவது அங்கேதான். அதை மிஸ் தொடுவதே இல்லை, ஸ்கூலில் நடத்துவார்கள் என்கிறார். ஸ்கூலில் கதையை நடத்துகிறார்கள், விடை எழுதவைத்துத் திருத்துவது குறைவு. நான் அந்த நாலு கட்ட யோசனையை வீட்டில் லிட்டரேச்சர் விடைக்கும் போட ஆரம்பித்திருக்கிறேன், எனக்கு இங்கிலீஷ் சுமார்தான் என்றாலும் கேள்விக்குப் பதில் இருக்கிறதா, வெறும் கதைச் சுருக்கமா என்று பார்க்க முடிகிறது. சிபிஎஸ்இ ஒவ்வொரு வருஷமும் மாதிரி வினாத்தாளும் மார்க் போடும் முறையும் தன் இணையதளத்தில் இலவசமாகப் போடுகிறது. அந்த 150 ரூபாயை அதை ஜெராக்ஸ் எடுக்கச் செலவழியுங்கள், மிச்சத்துக்கு நல்ல ரூல்டு பேப்பர் வாங்கலாம்.

ஸ்டேட் போர்டு தனியார் பள்ளிப் பிள்ளைகளை இங்கே அனுப்ப வேண்டாம். ரெண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள், லெட்டரைத் தவிர அவர்களுக்கு எதுவும் ஒட்டவில்லை. பன்னிரண்டாவதில் அவர்களுக்கு 5 மார்க் கட்டுரைகள் பாடத்திலிருந்தே 150 வார்த்தைக்கு வருகின்றன, அதற்கு வேறு தயாரிப்பு. கடலூரிலிருந்து என் நாத்தனார் கூட "அண்ணி, நம்ம பையனை வாரம் மூணு நாள் பஸ்ல அனுப்பட்டுமா" என்று கேட்டார். தமிழ்நாடு போர்டில் படிக்கிற பையன், ராத்திரி எட்டு மணிக்கு முத்தியால்பேட்டையிலிருந்து கிளம்பி பஸ் ஸ்டாண்ட் போய்க் கடலூர் பஸ் பிடித்து எத்தனை மணிக்குச் சாப்பிடுவான்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு அங்கேயே லெட்டரைத் திருத்தித் தர ஒரு ஆள் கிடைத்தால் போதும்.

அடுத்த பேட்ச் ஜூனில் சேர்க்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் போன வருஷத்துப் பிள்ளையின் நோட்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், மிஸ் தயங்காமல் எடுத்துக் காட்டுவார். திருத்தின நோட்டு ரெண்டு நாளில் திரும்ப வர வேண்டும் என்று அப்போதே பேசிவிடுங்கள், நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நாலு பேர் கேட்டால் நடக்கும். பிள்ளை கையில் ஓடோமாஸ் தடவி அனுப்புங்கள், மாடியில் கொசு பிடுங்கும். வண்டியை அந்தத் தெருவில் நிறுத்தாதீர்கள், எதிர்வீட்டுக்காரர் கேட்டை மறைத்தால் நம்பரைக் குறித்துவைத்துச் சண்டைக்கு வருகிறார்.