காஷ்மீர் குல்மார்க்கில் ஸ்லெட்ஜ்: சின்னப் பிள்ளைகளோடு போகலாமா?

தாராளமாகப் போகலாம், ஆனால் கூலியை ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஸ்லெட்ஜ் என்பது பனியில் சறுக்கிப் போக, கயிறு கட்டிய ஒரு சின்ன மரப்பலகை, அவ்வளவுதான். ஊரில் கமுகம்பாளையில் உட்கார வைத்து இழுப்போமே, அதே கதை. ஆள் மேட்டுக்கு இழுத்துப் போவார், இறங்கும்போது அவர் முன்னால் உட்கார்ந்து குதிகாலைப் பனியில் ஊன்றியே வேகத்தைக் குறைப்பார், அவர் முதுகுக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் மகளை இறுக்கி வைத்துக்கொண்டேன், முகத்தில் பனித்தூள் அடிக்க அடிக்க அவளுக்கு ஒரே சிரிப்பு. கீழே வந்ததும் டிப்ஸ் என்று தனியாக ஒரு தொகை கேட்டார்கள், அதுதான் எரிச்சல்.

குல்மார்க்குக்குக் கீழே உள்ள தங்மார்க் ஊரில் வாடகைக்கு எடுத்த பூட்ஸ் பரவாயில்லை, கையுறை மட்டும் சுத்த மோசம், அரை மணியில் நனைந்து பிள்ளையின் விரல் சிவந்துவிட்டது. நாகர்கோவில் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு எப்படித் தாங்கும்? தண்ணீர் புகாத கையுறை ரெண்டு ஜோடி கையோடு கொண்டுபோங்கள். அப்புறம், கொண்டோலா என்கிற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேலே போகும், மூச்சு வாங்கும், சின்னதுகளுக்கு அது வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில்தான் பனி நன்றாக இருக்கும். ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ரயிலில் போகிறவர்கள், அது போய் நிற்கும் ஜம்மு பக்கத்துக் கட்ரா வரைக்கும் பிள்ளைகளைச் சமாளிக்கத் தின்பண்டம் கட்டிக்கொள்ளுங்கள், மூன்று நாள் பாடு.

ஸ்லெட்ஜுக்கு ஐந்தில் நாலு, கையுறைக் கடைக்கு ஒன்று.