ஸ்பிட்டி பயணத் திட்டம்: சில வருடங்கள் உபயோகித்த பிறகு எழுதுகிறேன்

இமயமலைப் பயணம் என்று உட்கார்ந்தால் நம்மில் முக்கால்வாசிப் பேர் முதலில் செய்வது பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடுவதுதான். கீ மடம், சந்திரதால் ஏரி, ஹிக்கிம் தபால் நிலையம், சிச்சம் பாலம் என்று வரிசையாக எழுதி, நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒரு வார லீவுக்குள் அடைக்கப் பார்ப்போம். நான் வைத்திருப்பது வேறு மாதிரி ஒரு தாள். சாதாரண எக்செல்தான், பெரிய விஷயமில்லை. தேதி, அன்றிரவு தூங்கப்போகும் ஊர், அந்த ஊரின் உயரம், முந்தைய இரவைவிட எத்தனை மீட்டர் ஏற்றம், சாலை அடைபட்டால் எங்கே தங்குவது. இவ்வளவுதான் அதில் இருக்கும். பார்க்கும் இடங்களெல்லாம் அப்புறம். இந்தத் தாளை வைத்துக்கொண்டு சில வருடங்களாக ஹிமாச்சல் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்குப் போய்வருகிறேன். தனியாகவும் போயிருக்கிறேன், அறுபதைத் தாண்டிய அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். எது உழைத்தது, எது வெறும் சுமை என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

உயரத்தை ஏன் இவ்வளவு பிடித்துத் தொங்குகிறேன் என்றால், நமக்கு அந்த உயரம் பழக்கமே இல்லை. தமிழ்நாட்டில் நாம் பார்த்த பெரிய உயரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். அங்கேயும் மேலே ஏறி, போட்டோ எடுத்து, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுவோம். ஸ்பிட்டியின் தலைமையிடமான காஜாவில் நீங்கள் படுக்கும் கட்டிலே தொட்டபெட்டா உச்சிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் மேலே இருக்கிறது, சுமார் 3,650 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். சென்னையிலிருந்து கிளம்பி இரண்டு நாளில் அங்கே போய்ப் படுத்தால் உடம்பு என்ன செய்யும், சொல்லுங்கள்.

மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிது. 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்கு. பகலில் எவ்வளவு உயரம் ஏறினாலும் பெரிய பாதகமில்லை, இரவு எங்கே தலை சாய்க்கிறோம் என்பதுதான் கணக்கு. தாளில் ஏற்றம் எத்தனை மீட்டர் என்ற கட்டத்தை வைத்திருப்பது இதற்காகத்தான். 500-ஐத் தாண்டினால் கட்டம் சிவப்பாக மாறும்படி செய்துவைத்திருக்கிறேன்.

அந்தச் சிவப்புக் கட்டம் போட்ட முதல் தீர்ப்பு: மணாலி வழியாக உள்ளே போகாதே, சிம்லா வழியாகப் போ. வெளியே வரும்போது வேண்டுமானால் மணாலி. மணாலி 2,050 மீட்டர். அங்கிருந்து 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கத்தில் நுழைந்தால் ஒன்பது கிலோமீட்டரில் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடலாம், அப்புறம் கிராம்பூ, பாட்டல், 4,550 மீட்டர் உயரத்தில் குன்ஜும் கணவாய், லோசர், அன்றிரவே காஜா. வரைபடத்தில் பார்த்தால் ரொம்ப வசதி. தாளில் பார்த்தால் ஒரே இரவில் 1,600 மீட்டர் ஏற்றம். இதைவிட மோசம், முதல் இரவே சந்திரதாலில் கூடாரம் என்று விற்கிறார்கள், அது 4,200-க்கும் மேலே. ஒரு டிராவல்ஸ்காரரிடம் இதைப் போனில் கேட்டேன். "ஒண்ணும் ஆகாது சார், கற்பூரத்தை மோந்துக்கிட்டே போங்க" என்றார். கற்பூரம் மூக்குக்கு இதமாக இருக்கும், சரி. ரத்தத்தில் ஆக்சிஜனை அது கூட்டாது.

சிம்லா வழி நீளம், ஆனால் உடம்புக்குப் படி கட்டிக் கொடுத்தமாதிரி ஏறும். நான் இப்போது வழக்கமாக வைத்திருப்பது: சிம்லா அல்லது நார்க்கண்டாவில் ஓர் இரவு, அங்கிருந்து சட்லஜ் நதியை ஒட்டியே ராம்பூர் வழியாகக் கின்னோர் மாவட்டத்துக்குள் போய் 2,960 மீட்டரில் இருக்கும் கல்பாவில் இரண்டு இரவு. எதிரே கின்னர் கைலாச மலை. ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே சும்மா நடந்துகொண்டிருந்தாலே பொழுது போய்விடும். அதற்கடுத்த இரவில்தான் ஒரு சூட்சுமம். சாலையில் முதலில் வருவது நாக்கோ, அதற்கப்புறம் தாபோ. நாக்கோவில் குளம் இருக்கிறது, அழகு, அதனால் எல்லோரும் அங்கேயே அறை எடுக்கிறார்கள். ஆனால் நாக்கோ 3,600-க்கு மேலே, தாபோ 3,280. நாக்கோவில் மதியம் சாப்பிட்டுவிட்டு இறங்கித் தாபோவில் தூங்கினால் ஏற்றம் 320 மீட்டர்தான், நாக்கோவிலேயே தங்கினால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அப்பா அம்மாவுடன் போனபோது இப்படித்தான் செய்தோம். காலையில் எழுந்து அப்பா வழக்கம்போலப் பேப்பர் கிடைக்குமா என்று கேட்டார், அதிலேயே தெரிந்துவிட்டது ஆள் நன்றாக இருக்கிறார் என்று. அப்புறம் தாபோ ஒன்றும் இளைத்த ஊரில்லை. 996-இல் கட்டிய மடம் அது, வெளியே வெறும் மண் சுவர், உள்ளே போய்க் கண் பழக ஒரு நிமிடம் ஆகும், பழகியதும் நான்கு பக்கச் சுவரிலும் ஓவியம். உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள். அதுவும் நல்லதுதான், கொஞ்ச நேரமாவது நின்று பார்ப்போம்.

காஜா போனதும் இரண்டு இரவு கட்டாயம். லாங்ஸா, ஹிக்கிம், கோமிக் மூன்றும் 4,400 மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலேயோ இருக்கும் கிராமங்கள், பகலில் போய்விட்டுக் காஜாவுக்கே இறங்கிவிடலாம். லாங்ஸாவில் ஹோம்ஸ்டேயில் தங்க ஆசையிருந்தால் காஜாவின் இரண்டு இரவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அந்தக் கட்டம் சிவப்பாகத்தான் வரும், தலைவலி வந்தால் ராத்திரியே இறங்க வண்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தங்குங்கள்.

சாலை அடைபட்டால் எங்கே தங்குவது என்ற கடைசிக் கட்டத்தை முதலில் ஒப்புக்குத்தான் வைத்திருந்தேன். இப்போது அதுதான் தாளிலேயே விலைமதிப்பானது. ஸ்பிட்டி மழைமறைவுப் பிரதேசம், ஜூலையிலும் அங்கே பெரிதாக மழை இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஸ்பிட்டிக்குப் போகும் சாலை மழைமறைவில் இல்லையே. 2021 ஆகஸ்டில் கின்னோரின் நிகுல்சாரியில் மலை சரிந்து அரசுப் பேருந்தையே மூடியது, 28 பேர் இறந்தார்கள். 2023 ஜூலையில் ஹிமாச்சல் முழுக்க வெள்ளம், அதே நேரத்தில் மேலே பனி பெய்து சந்திரதாலில் 250-க்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாட்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். ஜூலையில், பனியில். அதனால் ஜூலை, ஆகஸ்ட் இரண்டையும் என் காலண்டரிலிருந்தே எடுத்துவிட்டேன். செப்டம்பர்தான் என் மாதம், வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும், கின்னோரில் ஆப்பிள் பறிக்கும் நேரம். ஜூனும் பரவாயில்லை, ஆனால் குன்ஜும் எப்போது திறக்கும் என்பது அந்த வருடப் பனியைப் பொறுத்தது, மே கடைசியிலும் திறக்கலாம், ஜூன் பாதியும் ஆகலாம். திறப்பதற்கு முன்னால் மணாலிப் பக்கம் இறங்கும் திட்டத்தோடு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். எந்த மாதமானாலும் திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாள் காலியாக விட்டுவிடுவேன். அடைப்பு எதுவும் இல்லையென்றால் அந்த இரண்டு நாளும் சிம்லாவிலோ சண்டிகரிலோ தின்று தூங்கிக் கழியும், யாருக்கு நஷ்டம்.

வண்டி விஷயம். கல்பாவுக்குக் கீழே இருக்கும் ரெக்காங் பியோவிலிருந்து காஜாவுக்கு ஹிமாச்சல் அரசுப் பேருந்து விடிகாலையில் கிளம்புகிறது, சுமார் 200 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முழுப் பகல். முதுகு கொஞ்சம் பேசும். ஆனால் காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லஜில் கலப்பதையும், அதற்கு மேலே பாறையைக் குடைந்த சாலையையும் பார்க்க ஜன்னல் ஸீட் போதும். தனியாகப் போனால் நான் பேருந்துதான். பெரியவர்களோடு போனால் உள்ளூர் டாக்ஸி, நினைத்த இடத்தில் நிறுத்தலாம், பாத்ரூம் போக வேண்டும் என்றால் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். சொந்த வண்டியில் வருகிறவர்கள் ரெக்காங் பியோவுக்குக் கீழே பொவாரியில் டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள், அடுத்து நம்பக்கூடிய பங்க் காஜாவில்தான். காஜாவிலிருந்து மணாலிப் பக்கம் கிளம்பும்போதும் அதே கதை.

கூகுள் மேப்ஸை ஆஃப்லைனில் இறக்கிவைப்பேன், ஆனால் அது சொல்லும் நேரத்தை நம்பமாட்டேன். லோசருக்கும் கிராம்பூவுக்கும் நடுவே சாலை என்பது பெரும்பாலும் ஆற்றுக் கல்தான், மணிக்கு இருபது கிலோமீட்டர் போனாலே டிரைவர் கெட்டிக்காரர். நடப்பதற்கு ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலி ரொம்பப் பிடித்துவிட்டது, இலவசம், இணையம் வேண்டாம், ஒற்றையடிப் பாதையும் உயரக்கோடும் காட்டுகிறது. தாளில் ஊரின் உயரத்தை நிரப்பும்போதும் அதில் ஒருமுறை சரிபார்ப்பேன். வானிலைக்கு மீட்டியோபுளூ செயலி, ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் எந்த உயரத்துக்கான கணிப்பு என்றும் போட்டிருக்கும். இது முக்கியம், ஏனென்றால் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமாராக ஆறேழு டிகிரி குறையும், பள்ளத்தாக்கின் கணிப்பைப் பார்த்துவிட்டுக் கணவாய்க்குப் போனால் நடுங்க வேண்டியதுதான்.

சிம் கார்டில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. வெளி மாநில ப்ரீபெய்டு வேலை செய்யாது என்பது ஜம்மு காஷ்மீருக்கும் லடாக்குக்கும்தான். ஸ்பிட்டி ஹிமாச்சலில் இருக்கிறது, நம்மூர் ப்ரீபெய்டே போதும். சிக்னல் காஜாவில் நன்றாகக் கிடைக்கும், வழியில் விட்டுவிட்டு வரும், குன்ஜும் பக்கம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் போனால் யுபிஐயும் போய்விடும், கையில் நோட்டு வேண்டும். காஜாவில் ஏடிஎம் இருக்கிறது, அதில் எப்போதும் பணம் இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

மருந்துப் பெட்டியில் டயமாக்ஸ், உயரத்தால் வரும் தலைவலி, குமட்டலைத் தடுக்கும் மாத்திரை. எங்கள் டாக்டர் ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து காலை 125, இரவு 125 மில்லிகிராம் என்று எழுதிக்கொடுத்தார். சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள் அவசியம் முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும், நீங்களாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை இல்லை இது. விரல் நுனியெல்லாம் சுரசுரவென்று எறும்பு ஊர்கிறாற்போல இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம். மாத்திரை போட்டாலும் தாளின் கணக்கை மீறக் கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் சில பயணங்களுக்குத் தூக்கிப்போனேன், இப்போது அதை வீட்டிலேயே விட்டுவிடுகிறேன். குளிரில் விரைத்த விரலில் அது கண்டபடி காட்டும், பழகிய உடம்புக்கே அந்த உயரத்தில் எண்பதுகளில்தான் எண் வரும், அதைப் பார்த்துப் பார்த்து நல்லா இருந்த அம்மாவுக்குப் படபடப்பு வந்ததுதான் மிச்சம். தலைவலியோடு குமட்டலோ, தள்ளாட்டமோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்போ இருந்தால் எண் எதுவும் வேண்டாம், இறங்கிவிட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி நம் ஆட்கள் நிச்சயம் கேட்பார்கள். 4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் சும்மா பாத்திரத்தில் வைத்த அரிசி எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் நறுக்கென்றே நிற்கும். எந்த ஹோம்ஸ்டேயிலும் குக்கர்தான். விசில் சத்தம் கேட்டால் நிம்மதி. ராஜ்மா சோறு, துக்பா என்ற நூடுல்ஸ் சூப், பார்லி ரொட்டி என்று கிடைக்கும். நான் எடுத்துப் போவது பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும். புளிக்காய்ச்சலைக் கடைசி வரை நிரப்பிய பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள், மேலே திறக்கும்போது எண்ணெய் பொங்கி வெளியே வரும். சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் பலூன்போல உப்பியிருப்பதைப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். ஹோம்ஸ்டே சமையலறையில் தந்தூர் என்று ஓர் இரும்பு அடுப்பு இருக்கும், எல்லோரும் அதைச் சுற்றித்தான் உட்காருவார்கள், அறைக்குள் போய் முடங்காமல் நீங்களும் அங்கேயே உட்காருங்கள். "ஜூலே" என்று ஒரு வணக்கம் போட்டால் போதும். கழிப்பறை பல வீடுகளில் உலர் கழிப்பறை, தரையில் ஓட்டை, பக்கத்தில் மண்வெட்டியும் குவியலாக மண்ணும். முடித்ததும் மண்ணைத் தள்ளிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது, அது வயலுக்கு உரமாகப் போகிறது.

துணிமணியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் காயாது, உள்ளே தெர்மல், நடுவே கம்பளி, மேலே காற்று புகாத ஜாக்கெட் போதும். கூலிங் கிளாஸும் சன்ஸ்கிரீனும் ஸ்டைலுக்கு இல்லை. பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில்தான், 20,000 எம்ஏஎச் வரை பிரச்சினை இல்லை. இரவில் போனையும் அதையும் ரஜாய் என்ற கனத்த போர்வைக்குள்ளே வைத்துக்கொண்டு தூங்குங்கள், குளிரில் சார்ஜ் இறங்கிவிடும்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்காரர்களுக்கு மட்டும் ஒன்று. கின்னோரின் மேல் பகுதியிலிருந்து, ஸ்பிட்டி தொடங்கும் சும்தோ வரை எல்லைப் பகுதி, இந்தியர்களுக்கு அடையாள அட்டை போதும், உங்களுக்குப் பர்மிட் வேண்டும், ரெக்காங் பியோவில் வாங்கலாம். அரசு அலுவலகம் என்பதால் ஞாயிறன்று போய் நிற்காதபடி கல்பாவின் இரண்டு இரவையும் வேலை நாளில் விழுமாறு தாளில் போட்டுக்கொள்ளுங்கள்.