நரம்பியல் கற்க வார்டா, ஓ.பி.யா?

நரம்பியல் என்றாலே மருத்துவ மாணவர்கள் மிரளுவதற்கு 1994-லேயே நரம்பியல் மருத்துவர் ஜோசெஃபோவிச் 'நியூரோஃபோபியா' (நரம்பியல் பயம்) என்று பெயர் வைத்துவிட்டார். அந்தப் பயம் எங்கே தெளியும்? வார்டில் நிதானமாகப் பார்க்க நேரம் உண்டு. பக்கவாதம் வந்தவரின் உள்ளங்காலை வெளியோரமாகக் கீறினால் கட்டைவிரல் மேலே எழுவதை, 1896-ல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி எழுதியதை, ஒருமுறை கண்ணெதிரே பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. ஆனால் ஸ்கேன் முடிந்திருக்கும், விடை தெரிந்த கணக்குதான்.

ஓ.பி.யில் கூட்டம், உட்காரக்கூட இடமிருக்காது, சரி. ஆனால் ஒற்றைத் தலைவலி, வலிப்பு, கை நடுக்கம் எல்லாம் அங்கேதான் வரும், அதிலும் வலிப்பு வந்துபோனவரைப் பரிசோதித்தால் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது, கூட வந்தவரிடம் "விழுந்தப்போ என்ன பார்த்தீங்க?" என்று துருவிக் கேட்பதில்தான் நோய் பிடிபடும். என்னைக் கேட்டால், முட்டியைத் தட்டிப் பார்க்கும் சுத்தியலைப் பிடிக்கப் பழக முதல் வாரம் வார்டு, மீதி நாளெல்லாம் ஓ.பி.