ஸ்கோப் திரைக்கு எது சரி: தனி லென்ஸா, ஜூமா?

வீட்டில் புரொஜெக்டர் வாங்கியவர்களுக்குக் கொஞ்ச நாளில் ஓர் ஆசை வந்துவிடும். மேலேயும் கீழேயும் நிற்கும் கறுப்புப் பட்டைகள் போக வேண்டும், தியேட்டர் மாதிரி ஸ்கோப் படம் (உயரத்தைப் போல சுமார் 2.4 மடங்கு அகலமுள்ள படம்) அகலமாக விரிய வேண்டும். அதற்கு அகலத் திரை ஒன்றை மாட்டிவிட்டால் அப்புறம் வழி இரண்டு. புரொஜெக்டரின் ஜூமைக் கொண்டே படத்தைப் பெரிதாக்கி, பட்டைகளைத் திரைக்கு வெளியே தள்ளிவிடலாம். அல்லது படத்தைப் பக்கவாட்டில் மட்டும் விரிக்கும் அனமார்ஃபிக் லென்ஸ் ஒன்றைத் தனியாக வாங்கி புரொஜெக்டருக்கு முன்னால் நிறுத்தலாம். ஜூமுக்குக் கூடுதல் செலவில்லை. நல்ல லென்ஸுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். பல புரொஜெக்டர்களே அந்த விலைக்குக் கீழேதான் இருக்கின்றன. அவ்வளவு பணத்துக்கும் கைக்கு வருவது ஒன்றே ஒன்று, வெளிச்சம். படம் துல்லியமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி வாங்காதீர்கள்.

காரணம் சொல்கிறேன். 4கே புரொஜெக்டரின் பேனலில், அதாவது படத்தை உருவாக்கும் சிப்பில், 3840 × 2160 புள்ளிகள் இருக்கின்றன. 2.40 விகிதப் படம் அதில் 1600 வரிகளில் அடங்கிவிடுகிறது, மீதி 560 வரிகள் கறுப்பு. அனமார்ஃபிக் முறையில் புரொஜெக்டர் முதலில் படத்தை உயரவாக்கில் 1.33 மடங்கு இழுத்துப் பேனலை நிரப்பும். அப்போது எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள். முன்னால் இருக்கும் லென்ஸ் அதே 1.33 மடங்கு பக்கவாட்டில் விரிக்க, முகங்கள் சரியாகிவிடும். பிரான்ஸின் ஆன்ரி கிரெத்தியேன் 1920களில் உருவாக்கிய யோசனை இது. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் அதை எடுத்து 1953இல் சினிமாஸ்கோப் ஆக்கியது. தமிழுக்கு அது 1973இல் ‘ராஜராஜ சோழன்’ படத்தோடு வந்தது.

ஆனால் சினிமாஸ்கோப்பில் கேமராவே காட்சியை நெருக்கிப் பிலிமில் பதித்தது. விரித்தபோது கிடைத்த நுணுக்கமெல்லாம் உண்மையிலேயே பிலிமில் இருந்தவை. இன்றைய ப்ளூ-ரேயிலும் ஓடிடியிலும் அப்படி இல்லை, பட்டைகள் படத்தோடு சேர்ந்தே வருகின்றன. 1600 வரிகளை 2160 ஆக்குவது புரொஜெக்டர் போடும் கணக்குதான், அதிலிருந்து புது நுணுக்கம் எதுவும் பிறக்காது. 720 வரிகள் மட்டுமே இருந்த 720பி காலத்தில் புள்ளிகளுக்கு இடையேயான கட்டம் கண்ணில் பட்டது. அன்று ஜூம் செய்தால் கட்டமும் பெரிதாகும், லென்ஸ் வைத்தால் படம் மழமழவென்று இருக்கும். 4கேயில் வழக்கமான தூரத்தில் உட்கார்ந்தால் அந்த வித்தியாசம் தெரியாது.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். 5 அடி உயரம், ஏறக்குறைய 12 அடி அகலம் உள்ள ஸ்கோப் திரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிறங்களைச் சரிசெய்த பிறகு புரொஜெக்டர் 1000 லூமன் தருகிறது, திரையின் கெயின் (ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு) 1 என்று வைத்துக்கொள்வோம். ஜூம் செய்யும்போது பட்டைகளையும் சேர்த்து அந்த ஒளி கிட்டத்தட்ட 79 சதுர அடியில் பரவும், திரையில் விழுவது 12.7 ஃபுட்-லாம்பர்ட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு). லென்ஸ் வைத்தால் 59 சதுர அடிக்குள் எல்லாம் அடங்கிவிடும். கிடைப்பது 16.9, கண்ணாடி உறிஞ்சும் சில சதவீதத்தைக் கழித்தாலும் 16 அளவில் நிற்கும். டிஜிட்டல் தியேட்டர்களுக்கான அளவுகோல் 14. ஆக, இந்தத் திரையில் ஜூம் அளவுகோலுக்குக் கீழே போகிறது, லென்ஸ் மேலே நிற்கிறது. ஒளி-இருள் வீச்சு அதிகமுள்ள எச்டிஆர் படங்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

நடைமுறையில் இடைவெளி இதைவிடக் கொஞ்சம் குறையும். பெரும்பாலான ஜூம் லென்ஸ்கள் அகல முனையில், அதாவது படத்தைப் பெரிதாகக் காட்டும் நிலையில், ஒளியைக் கூடுதலாக விடுகின்றன, ஜூம் செய்யும்போது இழந்ததில் ஒரு பகுதி அங்கே திரும்பி வந்துவிடும். திரை 4 அடி உயரம் மட்டும்தான் என்றால் இரண்டு முறையிலும் ஒளி தாராளம், லென்ஸுக்குத் தேவையே இல்லை.

ஜூமுக்கும் நிபந்தனை உண்டு. ஜூம் வீச்சு, அதாவது படத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கலாம் என்பது, 1.33க்கு மேல் இருக்க வேண்டும். விலை குறைந்த பல டிஎல்பி (நுண்ணிய கண்ணாடிகள் கொண்ட சிப்) மாடல்களில் 1.1, 1.2 அளவுதான், அதில் இந்த முறை நடக்காது. ஸ்கோப்பிலிருந்து டிவி வடிவமான 16:9 படத்துக்கு மாறும் ஒவ்வொரு முறையும் கையால் ஜூம், ஃபோகஸ், ஷிஃப்ட் (படத்தை மேலும் கீழும் நகர்த்துவது) மூன்றையும் திருத்துவது இரண்டு வாரத்தில் சலித்துவிடும். அதனால் இந்த அமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும் லென்ஸ் மெமரி அவசியம். 2008இல் பானசோனிக்கின் ஏஇ3000 புரொஜெக்டர் கொண்டுவந்த வசதி அது, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். திரைக்கு வெளியே விழும் பட்டைகள் முழுக் கறுப்பு அல்ல, மங்கலான சாம்பல். வெள்ளைச் சுவரில் அது உறுத்தும். கறுப்பு வெல்வெட் ஒட்டினால் மறைந்துவிடும்.

லென்ஸின் பெரிய குறை வளைவு. பக்கவாட்டில் விரிக்கும்போது படத்தின் மேல், கீழ் விளிம்புகள் உள்நோக்கி வளையும். புரொஜெக்டர் திரையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு வளைவு குறையும். 16:9 படத்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் இருந்தால் நல்லது. மேலே சொன்ன திரைக்கு அது 18 அடி. நம் ஊர் அடுக்குமாடி வீட்டில் 14 அடி ஹால் வைத்திருப்பவருக்கு வளைந்த திரை வாங்குவது ஒன்றுதான் வழி, அதற்கும் தனிச் செலவு. சுவரை ஒட்டி வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ லேசர் டிவிக்காரர்கள் இதை மறந்துவிடலாம்.

இதற்கெல்லாம் முன்னால் சுவரை அளந்து பாருங்கள். உங்களுக்கு எல்லை அகலமா, உயரமா? அகலம்தான் எல்லை என்றால் ஸ்கோப் திரையே வேண்டாம். அதே அகலத்துக்கு 16:9 திரை போட்டால் ஸ்கோப் படம் அதே அளவில்தான் தெரியும், கிரிக்கெட்டும் வெப் சீரிஸும் இன்னும் பெரிதாகக் கிடைக்கும். பட்டைகள் உறுத்தினால் கறுப்புத் துணிப் பலகை இரண்டு செய்து மேலும் கீழும் பொருத்திக்கொள்ளலாம். பணத்துக்கு இதைவிடப் பலன் தரும் வேலை ஹோம் தியேட்டரில் வேறு இல்லை என்பது என் எண்ணம். சுவர் அகலமாக, கூரை தாழ்வாக இருக்கும் அறையில்தான் ஸ்கோப் திரைக்கு அர்த்தம் இருக்கிறது.

என்ன பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் 4:3க்கு நெருக்கமானவை. 5 அடி உயர ஸ்கோப் திரையில் அவை நடுவில் ஏழடிக்கும் குறைவான அகலத்தில் நிற்கும். அது பரவாயில்லை, முகங்கள் நல்ல அளவில்தான் இருக்கும். லென்ஸை அகற்றாமலே 16:9 பார்த்தால்தான் நஷ்டம். புரொஜெக்டர் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கி 2880 புள்ளிகளுக்குள் திணிக்கும், இங்கே நுணுக்கம் உண்மையாகவே போகிறது. லென்ஸை நகர்த்தும் தண்டவாளம் இல்லாமல் வாங்குவதில் பயனில்லை.

லென்ஸ் பக்கம் தராசு தெளிவாகச் சாய்வது ஓரிடத்தில். ஜேவிசியின் உண்மையான 4கே புரொஜெக்டர்களில் பேனலின் அகலம் 3840 அல்ல, 4096 புள்ளிகள். அவற்றை முழுதாகப் பயன்படுத்தும் வகையில் பானமார்ஃப் நிறுவனம் பாலடின் டிசிஆர் என்ற லென்ஸைச் செய்தது. வழக்கமாகச் சும்மா கிடக்கும் ஓரப் புள்ளிகளின் ஒளியும் சேர்வதால், ஜூமோடு ஒப்பிட்டால் கணக்குப்படி 40 சதவீதம் வரை கூடுதல் வெளிச்சம். 12 அடிக்கு மேல் திரை, ஆழமான அறை, இந்தப் புரொஜெக்டர், மூன்றும் இருப்பவர் தயங்காமல் லென்ஸ் வாங்கலாம்.

சப்டைட்டில் போட்டுப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல டிஸ்க்குகளில் வசனம் கீழ்ப் பட்டைக்குள் வரும். ஜூம், லென்ஸ் இரண்டுமே அந்தப் பட்டையை வெட்டிவிடுவதால் வசனமும் போய்விடும். சப்டைட்டிலை மேலே நகர்த்தும் வசதி பிளேயரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரைக்கு ஆர்டர் கொடுங்கள்.