இடுப்பு வரை முடி உள்ள பிள்ளைக்குச் சவுரி விற்ற கதை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சவுரி (பின்னலோடு சேர்க்கும் ஒட்டு முடி) 3,800, டோனட் (கொண்டைக்குள் வைக்கும் பஞ்சு வளையம்) 250, ஜெல் 450, பின் செட் 150. ஆக மொத்தம் 4,650 ரூபாய். இதில் இன்றைக்கு வீட்டில் உபயோகத்தில் இருப்பது அந்தப் பின் செட்டில் பாதி மட்டும்தான். பரதநாட்டியம் கற்கும் பெண் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள், முக்கியமாக என்னைப் போலக் கொண்டை போடத் தெரியாத அம்மாக்கள், ஒரு கடைக்குள் நுழைவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

மகளுக்கு 11 வயது. நாட்டியத்தில் நாலாவது வருஷம். முடி இடுப்பைத் தாண்டும். இத்தனை நாள் ஒற்றைப் பின்னல் போட்டுத்தான் வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். போன ஜூன் மாதம் மண்டி அடவு (உட்கார்ந்து எழுந்து ஆடும் அசைவு) செய்யும்போது, முழுமண்டியில் உட்கார்ந்தவளின் பின்னல் நுனி அவள் குதிகாலுக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டது. எழுந்தபோது தலை வெடுக்கென்று பின்னால் இழுபட்டுவிட்டது. அடுத்த வாரம் திரும்பும்போது பின்னல் சாட்டை மாதிரி சுழன்று, பக்கத்தில் ஆடிய குழந்தையின் கண்ணில் பட்டது. டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இனிமே கொண்டை போட்டு அனுப்புங்கம்மா. எத்தனை குதிச்சாலும் அவுறக் கூடாது."

எனக்கு முடி தோள் வரைதான். என் கல்யாணத்துக்கே பார்லர் அம்மாதான் கொண்டை போட்டார். மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் போனால் நாட்டியச் சாமான் விற்கும் கடைகள் இருக்கின்றன என்று தெரியும். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அவ்வளவு தூரம் போகச் சோம்பல். எங்கள் புறநகரிலேயே புதிதாகத் திறந்த ஒரு ஃபேன்சி கடைக்குப் போனேன். அந்தச் சோம்பலுக்குத்தான் இந்த விலை.

கொண்டை ஊசியும் வலையும் வாங்கத்தான் போனேன், சத்தியமாக. கடைக்கார அம்மா மகளின் பின்னலை உள்ளங்கையில் எடுத்து எடை பார்ப்பது போல ஆட்டினார். அப்புறம் உதட்டைப் பிதுக்கினார்.

"நீளம் இருக்கு மேடம், அடர்த்தி இல்லையே. கீழ போகப் போக எலி வால் மாதிரி ஆகுது பாருங்க. இதுல கொண்டை போட்டா நிக்காது. உள்ள டோனட் வைக்கணும், மேல சவுரி சுத்தணும். டான்ஸ் பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான் போடுறாங்க."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். எலி வால் என்று கேட்ட பிறகு எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்?

ஒரு மூன்று கால் (மூன்று பிரி) சவுரியை எடுத்துக் காட்டினார். "இது நூத்துக்கு நூறு மனுஷ முடி. திருப்பதி முடி." அந்த ஒரு சொல்லில் நான் விழுந்தேன். திருமலையில் காணிக்கையாக வரும் முடியைத் தேவஸ்தானம் நீள வாரியாகத் தரம் பிரித்து ஏலம் விடுகிறது என்பதும், நீள முடிக்கு நல்ல விலை என்பதும் எனக்கும் தெரியும். அதனாலேயே 3,800 ரூபாய் நியாயமான விலையாகப் பட்டது. அரைகுறையாகத் தெரிந்து வைத்திருப்பவரை ஏமாற்றுவது ரொம்ப சுலபம் போலிருக்கிறது. பில் கேட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் "ஹேர் ஐட்டம் 4,650" என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் வகுப்பிலேயே மானம் போயிற்று. மற்றவர்களோடு வரிசையில் நின்று குதித்து மெட்டு அடவு செய்துகொண்டிருந்தாள். "தெய் ஹத் தெய் ஹி" சொற்கட்டு மூன்றாம் கால வேகத்துக்கு வந்தபோது முதலில் சவுரி ஒரு பக்கமாகச் சரிந்தது. அப்புறம் டோனட் கழன்று, மெதுவடை மாதிரி உருண்டு, டீச்சர் தாளம் தட்டும் மனைக்கட்டைக்கு முன்னால் போய் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். என் மகளும் சேர்ந்து சிரித்தாள், வண்டியில் ஏறும் வரைக்கும்.

ஏன் கழன்றது என்று இப்போது புரிகிறது. முடி குட்டையாகவோ மெல்லியதாகவோ இருப்பவர்களுக்குக் கொண்டையைப் பெரிதாகக் காட்டத்தான் டோனட். நீள முடியை அதன் மேல் சுற்றினால் பாரம் முழுக்க பஞ்சின் மேல் உட்கார்ந்துவிடும். பஞ்சுக்குத் தலையில் பிடிமானம் கிடையாது. அதற்கு மேல் சவுரியின் கனம் வேறு. சவுரி தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மேடையில் ஜடை நீளமாகத் தெரிய வேண்டும், குஞ்சலம் தொங்க வேண்டும் என்றால் நிறைய பேருக்கு அது வேண்டியிருக்கும். அங்கேயும் ஜடை வீசாமல் இருக்க ஒட்டியாணத்துக்குள் செருகிவிடுவார்கள். செவ்வாய், வியாழன் வகுப்புக்குப் போகும், இடுப்பு வரை முடி உள்ள பிள்ளைக்கு அதை விற்றதுதான் அநியாயம்.

ஜெல் கதை இன்னும் மோசம். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது. சவுரி நழுவக் கூடாது என்று நான் ரப்பர் பேண்டை மூன்று சுற்று இறுக்கிக் கட்ட, மூன்றாவது வாரம் நெற்றியோரம் சிவந்து, நெற்றிப்பொட்டுப் பக்கத்தில் முடி கொத்தாக வந்தது. தோல் டாக்டர் பார்த்த உடனேயே கேட்டார்: "யார் இவ்வளவு இழுத்துக் கட்டுறது?" நான் கையைத் தூக்கினேன். தொடர்ந்து இழுத்துக் கட்டினால் நெற்றியோர முடி உதிரும், வருஷக்கணக்கில் விட்டால் திரும்ப முளைக்காமலே போகலாம் என்றார். டாக்டர் பீஸ் 600. மேலே சொன்ன கணக்கில் இதைச் சேர்க்கவில்லை.

இதற்குள் சவுரியும் தன் குணத்தைக் காட்ட ஆரம்பித்திருந்தது. ஒரே ஒரு முறை அலசினேன். தேங்காய் நார் மாதிரி சிக்குப் போட்டுக்கொண்டது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஒரு இழையை உருவி, சாமி விளக்குக்குக் கொண்டு போவதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்துக் காட்டினார். இழை சுருண்டு, உருகி, நுனியில் கடுகு அளவுக்கு ஒரு கறுப்பு மணி நின்றது. ஆறியதும் கல்லு மாதிரி கெட்டி. வீடு முழுக்க பிளாஸ்டிக் நாற்றம். அடுத்து, சீப்பில் இருந்த என் மகளின் முடி ஒன்றைக் காட்டினார். அது பொசுங்கி, விரலில் தேய்த்ததும் பொடியாகிப் போனது. அதற்குப் பொசுங்கல் வாசனைதான், கோழி வாட்டுவது போல.

"நாலாயிரம் ரூபாய்க்கு நைலான் வாங்கிட்டு வந்திருக்கே" என்றார் அம்மா. 3,800 என்று திருத்தினேன். பதில் வரவில்லை.

கடைக்குப் போனேன். "நீங்க ஷாம்பு போட்டிருப்பீங்க, அதான் அப்படி ஆயிடுச்சு." அதற்கும் உருகுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சுவரைக் காட்டினார். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது." வேண்டுமானால் 500 ரூபாய்க்கு வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

இங்கேதான் பலரும் திரும்பி வந்துவிடுகிறோம். அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது: 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முறையான பில் தராததே தவறான வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. சுவரில் என்ன எழுதி வைத்தாலும் இது மாறாது. நான் போனது 26ஆவது நாள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்தேன். துண்டுச் சீட்டையும் ஜிபே ரசீதையும் படம் எடுத்து அனுப்பினேன். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பேனோ.

சரி, கொண்டைக்கு வருகிறேன். அம்மா போட்டுக் காட்டியது இதுதான். தலைக்குக் குளித்த அன்றே போடக் கூடாது, முடி வழுக்கும். முதல் நாள் குளித்த முடி நன்றாக நிற்கும். எண்ணெய் கொஞ்சமாகப் போதும். பிடரிக்கு மேலே, காதின் மேல் நுனிக்கு நேராக முடியைச் சேர்த்துப் பிடித்து, ரப்பருக்குப் பதில் கறுப்புப் பருத்தி நாடாவால் கட்ட வேண்டும். ரொம்பக் கீழே போட்டால் அட்டமி (கழுத்தை அசைப்பது) செய்யும்போது கழுத்தில் இடிக்கும். நாடா இழுக்காது, ஆனால் பிடிக்கும். அப்புறம் நுனி வரை பின்னி, பின்னலை முறுக்குச் சுற்றுவது போலத் தட்டையாக, தலையோடு ஒட்டிச் சுற்றிக்கொண்டே போக வேண்டும்.

சூட்சுமம் கொண்டை ஊசியில் இருக்கிறது. நான் நேராகக் குத்திக்கொண்டிருந்தேன். அம்மா ஊசியின் இரண்டு முனையாலும் சுற்றின் வெளி ஓரத்தைக் கொஞ்சமும், தலையோடு இருக்கும் முடியைக் கொஞ்சமும் கவ்வி, ஊசியை அப்படியே மறுபக்கம் புரட்டி, கொண்டையின் நடுவைப் பார்த்து உள்ளே தள்ளினார். ஊசி கண்ணுக்கே தெரியவில்லை. நாலு திசைக்கு ஒன்று. பின்னல் நுனியை உள்ளே செருகி, இரண்டு ஹேர்பின்னைப் பெருக்கல் குறி மாதிரி போட்டார். ஹேர்பின்னின் நெளிந்த பக்கம் தலையைப் பார்த்து இருக்க வேண்டுமாம். முப்பது வருஷமாக நான் தலைகீழாகக் குத்தியிருக்கிறேன். மேலே வலை, அவ்வளவுதான்.

நாடா 10, கொண்டை ஊசி ஒரு அட்டை 30, வலை 20. அறுபது ரூபாய். கூடத்தில் மகளைப் பத்து முறை குதிக்கச் சொன்னார் அம்மா. பிறகு குனிந்து தலையை உதறச் சொன்னார். அசையவில்லை. அன்று வகுப்பு முடிந்து வந்தவள் இரவு தூங்கும் வரை கொண்டையை அவிழ்க்கவே விடவில்லை.

போன வாரம் கடையிலிருந்து போன் வந்தது. 2,000 ரூபாய் தருகிறாராம், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். முழுப் பணமும் வந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். சவுரியைத் தூக்கிப் போடலாம் என்றால் அம்மா விடவில்லை. சாட்சிப் பொருளாம். துணிக்கடைப் பையில் போட்டு, அலமாரி மேல் தட்டில் அந்த உருகிய இழையோடு பத்திரமாக இருக்கிறது.